உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு

உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு என்பது, எடையைக் குறைப்பதற்காக இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவை செய்துகொண்டவர்கள் அதன்பின் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டிய உணவு முறை, ஊட்டச்சத்து மாத்திரைகள், இரத்தப் பரிசோதனைகள், மருத்துவக் கண்காணிப்பு ஆகியவற்றைக் குறிக்கும். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சில நாள்களில் வீடு திரும்பலாம். குறைந்த எடை பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைக்குமா, இடையில் வேறு குறைபாடுகள் தலைகாட்டுமா என்பது பெரும்பாலும் இந்தப் பராமரிப்பைப் பொறுத்தது.

உடலில் நிகழும் மாற்றம்

இன்று மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு முறைகள். குழல் வடிவ இரைப்பை அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழல் மட்டும் விடப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரைப் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுகிறது. இரைப்பை மாற்றுவழி அறுவையில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளக்கூடிய சிறு பை ஒன்று உருவாக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவு முன்சிறுகுடலைத் தொடாமலேயே கீழே சென்றுவிடும். இம்முறையை 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் முதன்முதலில் செய்தார். குழல் அறுவையில் வெட்டி எடுத்ததை மீண்டும் வைக்க முடியாது. மாற்றுவழியை அரிதாகத் திருப்பி இணைக்கலாம் என்றாலும், அதுவும் நிரந்தர மாற்றமாகவே கருதப்படுகிறது. எனவே பராமரிப்புக்கும் முடிவு தேதி கிடையாது.

முதல் சில வாரங்கள்

தையலிட்ட இடங்கள் ஆறும்வரை உணவு படிப்படியாக மாற்றப்படுகிறது. முதலில் தெளிந்த நீர்மங்கள், பிறகு நீர்த்த மோர், பால், பருப்புத் தண்ணீர் போன்றவை, அடுத்து மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று ஒன்றரை முதல் இரண்டு மாதங்களில் வழக்கமான உணவுக்கு வரலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை கால அளவு சற்று மாறுபடும்.

தமிழ்நாட்டு உணவுப் பழக்கத்தில் இரண்டு செய்திகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். முதலாவது, சோற்றுக்குத் தரும் முதலிடம். இரைப்பையில் சில கரண்டி உணவுக்கே இடமிருக்கும்போது, அதைச் சோறும் ரசமும் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமில்லாமல் போகும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பதால் முட்டை, மீன், கோழி, பருப்பு, பன்னீர், தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, இடமிருந்தால் சோறு என்று வரிசையை மாற்ற வேண்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். இரண்டாவது, இலைக்கு அருகில் வைக்கும் தண்ணீர்க் குவளை. உணவோடு நீர் அருந்துவதைத் தவிர்த்து, உண்டபின் அரை மணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். அதே வேளையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் மிடறு மிடறாகக் குடித்து முடிக்கவும் வேண்டும். பலருக்கும் தொடக்கத்தில் கடினமாக இருப்பது இதுதான்.

மூன்றாம், நான்காம் மாதத்தில் முடி கொட்டுவது பலரையும் அச்சுறுத்துகிறது. விரைவான எடை இழப்பால் வரும் இது பெரும்பாலும் தற்காலிகமானது. எடை வேகமாகக் குறையும் காலத்தில் பித்தப்பையில் கற்கள் உண்டாகும் வாய்ப்பும் கூடும் என்பதால், சிலருக்கு முதல் ஆறு மாதங்களுக்குத் தடுப்பு மருந்து தரப்படுகிறது.

ஊட்டச்சத்துக் குறைபாடுகள்

நீண்ட காலப் பராமரிப்பின் மையம் இதுவே. குறைபாடுகள் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

மிக விரைவாக வருவது தயாமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 குறைபாடு. உடலில் இதன் இருப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்கே போதும். அறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோய், பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். உடனே கவனிக்காவிட்டால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்படும். இத்தகையவருக்குச் சோர்வைப் போக்குவதாக எண்ணி வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகும். தயாமினை முதலில் தர வேண்டும். 'அறுவை செய்தால் வாந்தி வரத்தான் செய்யும்' என்று வீட்டில் நாள்களைக் கடத்துவது ஆபத்தானது.

இதற்கு நேர்மாறாக, உயிர்ச்சத்து பி12 மெதுவாகக் குறைகிறது. இச்சத்து குடலில் உறிஞ்சப்பட இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் தேவை. அறுவைக்குப் பின் அச்சுரப்பு போதாது, அல்லது உணவோடு சேர்வதில்லை. ஆனால் கல்லீரலில் ஏற்கெனவே பல ஆண்டுகளுக்கான இருப்பு உள்ளது. அதனால் முதல் ஆண்டில் மாத்திரையை நிறுத்தினாலும் ஒன்றும் தெரியாது. எடை குறைந்து, உடை அளவு மாறி, எல்லாம் நலம் என்று பரிசோதனைக்குச் செல்வதையும் விட்டபின், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கால் மரத்துப்போதல், மறதி, களைப்பு என்று அது வெளிப்படும். வயதானதால் என்றோ, பழைய நீரிழிவால் என்றோ தவறாக எண்ணப்படுவதும் உண்டு. தாவர உணவு மட்டும் உண்பவர்களுக்கும், மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் இந்த வாய்ப்பு மேலும் கூடுதல். ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தசோகை சரியாகி, நரம்புப் பாதிப்பு மறைவாகத் தொடரக்கூடும்.

இரும்புச்சத்து முதன்மையாக முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. மாற்றுவழி அறுவை அந்த இடத்தையே தாண்டிச் செல்வதால், மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரத்தசோகை எளிதில் வரும். அவர்களுக்கு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றையொன்று தடுப்பதால், இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். தேநீரோடும் காப்பியோடும் இரும்பு மாத்திரையை விழுங்குவது வீண். கால்சியம் நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, பல வேளைகளாகப் பிரித்துத் தேவை. அமிலம் குறைந்த இரைப்பைக்கு ஏற்றது கால்சியம் சிட்ரேட். இரத்தத்தில் கால்சியம் அளவு சரியாக இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. குறைவதை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே உயிர்ச்சத்து டி, பாராதைராய்டு இயக்குநீர் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றனர்.

எடை மீண்டும் கூடுதல்

சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு, அறுவை செய்தவர்களையும் செய்யாதவர்களையுமாக 4047 பேரை நீண்ட காலம் பின்தொடர்ந்தது. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் உடல் எடையில் சராசரியாக 32 விழுக்காட்டை இழந்தனர்; பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக நிலைபெற்றது. அறுவை செய்யாதவர்களின் எடையில் பெரிய மாற்றமில்லை. அதாவது ஓரளவு எடை திரும்புவது இயல்பு. அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. அதே ஆய்வில், நீரிழிவு மறைந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் 72 விழுக்காடு, பதினைந்தாம் ஆண்டில் 30 விழுக்காடு. சர்க்கரை நோய் 'போய்விட்டது' என்று பரிசோதனையை நிறுத்தியவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது.

எடை திரும்புவதற்கு மனவுறுதி இல்லாமையே காரணம் என்று உறவினர் எளிதாகச் சொல்லிவிடுவர். உண்மையில் இழந்த எடையை மீட்க உடலே பசியைக் கூட்டி, ஆற்றல் செலவைக் குறைக்கிறது. இத்துடன் உணவுத் தேர்வும் சேர்கிறது. சிறிய இரைப்பை கோழித்துண்டைத் தடுத்து நிறுத்தும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், பழச்சாறு, பனிக்கூழ் ஆகியவற்றைத் தடுக்காது. அவை கரைந்து வழுக்கிச் சென்றுவிடும். மாற்றுவழி அறுவை செய்தவர்கள் இனிப்பை மிகுதியாக உண்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஏற்படுவதும் உண்டு. நடைப்பயிற்சியோடு தசைக்கு வேலை தரும் பயிற்சிகளும் தேவை.

மருந்துகளும் பிறவும்

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் தேவை அறுவைக்குப் பின் சில நாள்களிலேயே குறையலாம். பழைய அளவில் இன்சுலினைத் தொடர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். மாற்றுவழி அறுவை செய்தவர்கள் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபீனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவையும் புகைபிடித்தலும் இணைப்பிடத்தில் புண் உண்டாக்கும். மது முன்பைவிட விரைவாக இரத்தத்தில் ஏறும். மாற்றுவழி அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டிலிருந்து மதுப் பழக்கச் சிக்கல் சிலரிடம் கூடுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட அறிவுறுத்தப்படுகின்றனர். எடை குறையும்போது கருவுறும் தன்மை கூடுவதையும், கருத்தடை மாத்திரை முழுமையாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

மனநலமும் பராமரிப்பில் அடங்கும். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாற்றுவழி அறுவை செய்தவர்களிடையே நோயால் நிகழும் இறப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன. விபத்து, தற்கொலை போன்ற காரணங்களால் நிகழ்ந்த இறப்புகளோ, அறுவை செய்யாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. தொங்கும் தோல், நிறைவேறாத எதிர்பார்ப்பு, உணவில் கிடைத்த ஆறுதலை இழத்தல் ஆகியவை மனச்சோர்வைத் தரக்கூடியவை. மனநல மருத்துவரை நாடுவதில் தயக்கம் கூடாது.

கண்காணிப்பு

முதல் ஆண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை செய்வது பொதுவான நடைமுறை. மாற்றுவழி அறுவை செய்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும், வயிற்றுக்குள் குடல் ஓர் இடைவெளியில் சிக்கிக்கொள்ளக்கூடும். திடீரெனக் கடும் வயிற்றுவலி வந்தால் வாயுத் தொல்லை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். எந்த அறுவை, எந்த ஆண்டு செய்யப்பட்டது என்ற விவரத்தைக் கைப்பையில் வைத்திருந்தால், இரவு நேரத்தில் அறிமுகமில்லாத மருத்துவர் பார்க்க நேர்ந்தாலும் அவருக்குச் சரியான திசை தெரியும்.