பத்து வருடக் கணக்கை உடைக்காதீர்கள்

ஓசூர் சிப்காட்டில் இரண்டு வருடம். அதே கம்பெனியில் வேறொரு காண்ட்ராக்டரிடம் ஒன்றரை வருடம். அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில் மூன்று வருடம். பிறகு மீண்டும் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு புதிய தொழிற்சாலை. தமிழ்நாடு–கர்நாடக எல்லைப்புறத்தின் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் பலருடைய வேலை வரலாறு இப்படித்தான் இருக்கிறது. வேலை மாறும் ஒவ்வொரு முறையும் பிரௌசிங் சென்டருக்குப் போய், “பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுங்க” என்கிறார்கள். அங்கே பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்துக்கும் சேர்த்தே கிளெய்ம் போட்டுவிடுகிறார்கள். அன்றோடு அதுவரை சேர்ந்த பென்ஷன் சர்வீஸ் அழிந்துபோகிறது. இப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் இருபது வருடம் உழைத்தவரும் பென்ஷன் இல்லாமல் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பி.எஃப். வேறு, பென்ஷன் வேறு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. கம்பெனி தன் பங்காகப் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்கும், மீதி பி.எஃப்.புக்கும் பிரிகிறது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த சம்பள வரம்பு 15,000 ரூபாய். ஆகவே பென்ஷனுக்கு மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. பி.எஃப். தொகைக்கு வருடந்தோறும் வட்டி ஏறும். பென்ஷனுக்கு வட்டிக் கணக்கே கிடையாது. அங்கே மதிப்பு முழுவதும் நீங்கள் வேலை பார்த்த வருடங்களில்தான் இருக்கிறது.

1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, மொத்தம் பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதாந்திர பென்ஷன் உரிமையாகிறது. பென்ஷனுக்குரிய சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி, 70 ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்குப் பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 2,143 ரூபாய். இருபது வருடம் முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவதால் சுமார் 4,714 ரூபாய். இது பெரிய தொகை இல்லை. ஆனால் உயிருள்ளவரை வரும். கணவர் போன பிறகு மனைவிக்குப் பாதி வரும். பத்து வருடம் நிறையும் முன்பே எடுத்துவிட்டாலோ, சர்வீஸ் வருடம் ஒன்றுக்குத் தோராயமாக ஒரு மாதச் சம்பளம்தான் கைக்கு வரும். அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு கடனை அடைப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

அவசரத்துக்கு பி.எஃப்.பிலிருந்து அட்வான்ஸ் எடுங்கள். அதற்கு விதிகள் இடம் தருகின்றன. பென்ஷன் பணத்துக்கான படிவம் 10சி-யை மட்டும் யோசிக்காமல் போட விடாதீர்கள். வேலையை விட்டு ஊரில் விவசாயம் பார்க்கப் போகிறவர்கள்கூட, அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ கேட்டு வாங்கலாம். சேர்ந்த வருடங்கள் அதில் பதிவாகியிருக்கும். பின்னால் எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும் அவற்றோடு கூட்டிக்கொள்ளலாம்.

எல்லை தாண்டினால் கணக்கு அறுந்துவிடும் என்ற அச்சம் இங்கே பரவலாக இருக்கிறது. பி.எஃப். மத்திய அரசுச் சட்டம். ஜிகணியில் வேலை பார்த்தாலும் சூளகிரியில் பார்த்தாலும் உறுப்பினருக்குரிய 12 இலக்க யு.ஏ.என். எண் ஒன்றுதான், மாறுவது மெம்பர் ஐ.டி. மட்டுமே. புதிய கம்பெனியில் சேரும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். சொல்லாமல் விட்டு இரண்டாவது எண் உருவாகி, சர்வீஸ் இரண்டாகப் பிரிந்து தவிப்பவர்கள் நிறையப் பேர்.

பழைய கணக்கு புதிய கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் ஆனதும் புதிய பாஸ்புக்கில் பழைய பென்ஷன் தொகை காணவில்லையே என்று பதற வேண்டாம். பி.எஃப். பணம்தான் தொகையாக மாறும். பென்ஷனில் சர்வீஸ் மட்டுமே மாறும். பி.எஃப். போர்ட்டலில் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’ பக்கத்தைத் திறந்து, எல்லாக் கம்பெனிகளும், சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். விலகிய தேதியைக் காண்ட்ராக்டர் போடாமல் போயிருந்தால், இரண்டு மாதம் கழிந்த பிறகு ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே பதிவு செய்யலாம். அந்த ஓ.டி.பி.யை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது.

பெயர்ச் சிக்கல் நம் ஆட்களுக்கே உரியது. ஆதாரில் இனிஷியல் இருக்கும். கர்நாடகப் பக்கத்து கம்பெனிப் பதிவில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் நின்றுவிடும். வேலையில் இருக்கும்போதே திருத்தி வாங்குவது எளிது.

இதையெல்லாம்விடக் கொடுமை, சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமலே விடுவது. ஒரு மாதத்துக்குரிய தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாதது குற்றவியல் நம்பிக்கை மோசடி. கம்பெனியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம். காண்ட்ராக்டர் ஓடிப்போனாலும், யாருடைய தொழிற்சாலையில் வேலை பார்த்தீர்களோ அந்த முதன்மை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. இந்த ஒரு விவரம் தெரியாமலே எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியை ‘அலவன்ஸ்’ என்று எழுதி பி.எஃப்.பைக் குறைப்பதும் நடக்கிறது. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் இத்தகைய அலவன்ஸ்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பே ஸ்லிப், ஐ.டி. கார்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் குறுஞ்செய்தியாக வரும். பாஸ்புக்கில் பென்ஷன் கலம் காலியாக இருந்தால் உடனே கேளுங்கள். ஏற்கெனவே பென்ஷன் உறுப்பினராக இருந்தவரைப் புதிய கம்பெனி ‘உறுப்பினர் இல்லை’ என்று தவறாகப் பதிந்திருக்கக்கூடும். கம்பெனி சரி செய்யாவிட்டால் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம். 14470 எண்ணில் விவரம் கேட்கலாம். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடக்கும் குறைதீர்ப்பு முகாமுக்கு நேரில் போகலாம். ஒரே காண்ட்ராக்டரிடம் இருந்தவர்கள் சேர்ந்து புகார் கொடுப்பது நல்லது. விசாரணைக்கு அழைத்துப் பதிவேடுகளைக் கேட்கவும், வட்டியும் அபராதமும் விதிக்கவும் பி.எஃப். அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது.

குறைந்தபட்ச பென்ஷன் 2014-இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அது ஒரு முதியவரின் மருந்துச் செலவுக்கே போதாது. அதை உயர்த்தக் கேட்கும் தொழிலாளர் அமைப்புகளின் கோரிக்கை முழுக்க நியாயமானது.

இன்னும் ஒன்று. வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், ஒரு மாதத் தொகை மட்டுமே கட்டியிருந்தாலும் குடும்பத்துக்கு பென்ஷன் உண்டு; கம்பெனி செலவிலான காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது. ஆகவே மனைவி, பிள்ளைகள் பெயரை ஆன்லைனில் பதிந்துவிடுங்கள், உங்கள் யு.ஏ.என். எண்ணை வீட்டில் ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்து வையுங்கள்.