கர்ப்பிணிகளிடம் கொடூரம் காட்டும் காமாலை

மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி, மோர், உப்பில்லாப் பத்தியம். பல வீடுகளில் இன்றும் இதுதான் வைத்தியம். பெரும்பாலானவர்களுக்குக் காமாலை தானாகவே இறங்கிவிடுவதால், பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது. ஆனால் ஹெபடைட்டிஸ் ஈ வைரஸ் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. திடகாத்திரமான இளைஞரைச் சில வாரம் படுக்கப்போட்டு எழுப்பிவிடும்; அதே வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால் உயிரையே கேட்கும்.

இந்த ஓரவஞ்சனை வெளிச்சத்துக்கு வந்தது காஷ்மீரில். 1978 நவம்பரில் குல்மார்க் பகுதிக் கிராமங்களில் காமாலை பரவியது. ஏறத்தாழ 200 கிராமங்களில் 52,000 பேர் நோயுற்றனர், 1,700 பேர் இறந்தனர் என்று கணக்கிட்டார் அங்கே ஆய்வு நடத்திய மருத்துவர் முகமது சுல்தான் குரூ. ரத்தத்தைச் சோதித்தால், ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. அவரை அதிரவைத்தது இன்னொரு கணக்கு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்களில் காமாலை கண்ட கர்ப்பிணிகள் 36 பேர். அவர்களில் 8 பேருக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தது. கர்ப்பமில்லாத 71 பெண்களில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை.

கிருமியைக் கண்ணால் கண்டவர் சோவியத் விஞ்ஞானி மிகைல் பாலயான். ஆப்கானிஸ்தானிலிருந்த சோவியத் வீரர்களிடையே பரவிய காமாலையை ஆராய்ந்த அவர், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தயிரில் கலந்து தானே குடித்தார். ஒரு மாதம் கடந்ததும் அவருக்கே காமாலை வந்தது. தன் மலத்திலேயே அந்த வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு, 1983இல் அறிவித்தார்.

மலம் கலந்த குடிநீர்தான் நம் நாட்டில் இதன் முக்கியப் பாதை. 1955 கடைசியில் டெல்லியில் யமுனையின் போக்கு மாறி, வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் சாக்கடை நீர் புகுந்தது. கூடுதலாகப் போட்ட குளோரின் டைபாய்டைத் தடுத்தது. காமாலையைத் தடுக்க முடியவில்லை. சுமார் 29,000 பேருக்குக் கண் மஞ்சளித்தது. அது ஹெபடைட்டிஸ் ஈதான் என்பது பல்லாண்டு கழித்தே தெரிந்தது.

கடைசி மூன்று மாதங்களில் தொற்றும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பகால ஹார்மோன்களும் எதிர்ப்பாற்றலில் நேரும் மாற்றமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம், முக்கியமாக ஐரோப்பாவில் பன்றி இறைச்சி வழியே பரவும் வகை, நாள்பட்ட நோயாகவே தங்கிவிடும். அவர்களுக்கு ரிபாவிரின் மாத்திரை உதவுகிறது. சிசுவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்க முடியாது.

தடுப்பூசி இல்லாமலில்லை. சீனா 2011இலேயே ஒன்றுக்கு அனுமதி தந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் கர்ப்பிணிகளுக்குக்கூட அதைப் பரிசீலிக்கலாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் பரவலின் நடுவே அது முதன்முதலாகப் போடப்பட்டது 2022இல், தெற்கு சூடானின் பெந்தியுவில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் முகாமில். அதிகம் சாவது ஏழை நாட்டுக் கர்ப்பிணிகள் என்னும்போது, இந்தத் தாமதத்துக்கு அறிவியலை மட்டும் குறைசொல்ல முடியாது.

குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கலக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் வேலை. நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது நம் வேலை. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, பத்தியம் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு, பேச்சில் குழப்பம் என்றால் நச்சு மூளையை எட்டிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தில் மணிக்கணக்குகூடத் தாமதம்தான்.