கிட்டாருக்கும் ஓர் எலுமிச்சை

அக்கா மகன் கிட்டாரை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு, "மாமா, இதப் பாருங்க" என்றான். மேசையில் கிடந்த சூப்பர்மார்க்கெட் ரசீதை எடுத்து, கம்பிகள் வந்து முடியும் கட்டைக்கு அடியில் நீட்டினான். அந்தக் கட்டைக்குப் பெயர் பிரிட்ஜ். அது பெட்டியோடு அசையாமல் ஒட்டியிருக்க வேண்டும். ரசீது அதன் விளிம்பிலேயே தட்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கதவிடுக்கில் கடிதம் நுழைவதுபோல அரை விரற்கடை உள்ளே போனது.

"கம்பி மாத்தினியா?"

"ஆமா மாமா. பழைய கம்பில சத்தமே வரல. ஸ்டீல் வாங்கிப் போட்டேன். இப்ப நல்லா கேக்குது."

நன்றாகக் கேட்டது உண்மைதான். ஆனால் அது நைலான் கம்பிக்காகச் செய்யப்பட்ட கிளாசிக்கல் கிட்டார். நண்பன் வீட்டில் சும்மா கிடந்ததை வாங்கி வந்திருந்தான். நைலான் கம்பி ஆறும் சேர்ந்து பிரிட்ஜை இழுக்கும் விசை ஏறத்தாழ நாற்பது கிலோ. சாதாரண 'லைட்' ஸ்டீல் செட் எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். மெல்லிய மேற்பலகை, கோந்து மட்டுமே பிடித்திருக்கும் பிரிட்ஜ், பெரும்பாலும் கழுத்துக்குள் இரும்புத் தண்டே இல்லாத அமைப்பு. இவை இரண்டு மடங்குக்கு நெருங்கிய சுமையை எத்தனை நாள் தாங்கும்? இவன் கிட்டார் மூன்று வாரம் தாங்கியது.

புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் ஆக விலை கூடியது இதுதான். ஆனால் இதைத் தவிர்க்கப் பெரிய ஞானம் தேவையில்லை. பிரிட்ஜைப் பாருங்கள். கம்பியை ஓட்டையில் கோத்து முடிச்சுப் போட்டிருந்தால் அது நைலான் கிட்டார். ஆறு சின்ன ஆணிகள் கம்பியின் முனையை அழுத்திப் பிடித்திருந்தால் அது ஸ்டீல் கிட்டார். கழுத்தும் காட்டிக்கொடுக்கும்: நைலான் கிட்டாரில் அது அகலமாக, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி இருக்கும். 1940களில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானைக் கொண்டுவரும்வரை அந்த வகைக் கிட்டாருக்கு ஆட்டுக்குடல் நரம்புதான். அதன் உடம்பு அவ்வளவு மென்மையானது. ஸ்டீல் கிட்டாரில் நைலானைக் கட்டினால் ஒன்றும் உடையாது, சத்தம்தான் சவசவ என்றிருக்கும். மாற்றிச் செய்தால்தான் வினை.

ஸ்டீல் கிட்டாருக்குக் கம்பி வாங்கப் போனால் கடையில் முதல் கேள்வி, "பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா?" மிக மெல்லிய கம்பியின் கனத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்லும் கணக்கு அது. பத்து என்றால் 0.010 அங்குலம். புதுக் கிட்டார்கள் பெரும்பாலும் பன்னிரண்டு செட்டோடு வருகின்றன. ஒலி கனமாக இருக்கும், விரல் நுனி கிழியும். முதல் ஆறு மாதத்துக்குப் பத்து அல்லது பதினொன்று போதும் என்பது என் கருத்து. கனத்த கம்பிதான் நல்ல பழக்கம் என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டுக் கிட்டாரையே கைவிட்டவர்கள் சிலரையும் எனக்குத் தெரியும். அடுத்த கேள்வி உலோகம். 80/20 என்பது எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு துத்தநாகமும். பெயர் வெண்கலம் என்றாலும் உண்மையில் பித்தளை. பளிச்சென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் செம்பும் தகரமும் கலந்தது. சற்று இளஞ்சூடான ஒலி, கொஞ்சம் கூடுதல் ஆயுள். மேலே மெல்லிய பூச்சுப் போட்ட கம்பிகள் விலையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குளிர் நாட்டில் இருந்தால் யோசிக்கலாம். வியர்வைக் கையும் உப்புக்காற்றும் உள்ள சிங்கப்பூரின் செம்பவாங்கில் அது ஆடம்பரம் இல்லை. பூங்காக் கடற்கரையில், ஜோகூர் நீரிணையைப் பார்த்தபடி ஒரு மாலை வாசித்துவிட்டு, துடைக்காமல் உறைக்குள் வைத்துப் பாருங்கள். பூச்சில்லாத கம்பி மறுவாரமே விரலில் சொரசொரக்கும்.

கம்பியில் போலியும் உண்டு. டடாரியோ நிறுவனம் தன் பாக்கெட்டுக்குள் ஒரு தனி எண் வைத்திருப்பதே, வாங்கியவர் இணையத்தில் பதிந்து அசலா என்று பார்த்துக்கொள்ளத்தான். இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால், அந்த எண்ணைப் பதியும்வரை பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி ஈரம். கிட்டார் பராமரிப்புப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீடு காய்ந்துபோகும் நாட்டுக்காரர்கள் எழுதியது. "பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள்" என்பார்கள். சிங்கப்பூரில் அதைச் செய்தால், நனைந்தவனிடமிருந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றிய கதைதான். இங்கே காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். கிட்டாரின் மரம் கேட்பது 45 முதல் 55. ஈரம் கூடினால் மேற்பலகை உப்பும், கம்பி பலகையை விட்டு உயரும், அழுத்த முடியாது. "எனக்கு வரவில்லை" என்று பிள்ளைகள் கிட்டாரை மூலையில் சாய்த்துவைக்கும் வீடுகளில் பாதியில், குறை விரலில் இல்லை என்பேன்.

சோதிக்க ஒரு வெள்ளி நாணயம் போதும். இப்போது புழக்கத்தில் இருக்கும் பொன்விளிம்பு நாணயத்தின் கனம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில், அதாவது ஃபிரெட்டுகளில், பன்னிரண்டாவதின் மேல், ஆகத் தடித்த கம்பிக்கு அடியில் அதைத் தள்ளுங்கள். தொட்டும் தொடாமலும் நின்றால் சரி. நாணயம் உள்ளே போய், மேலே இன்னும் வெளிச்சம் தெரிந்தால், கம்பி உயரம். ஸ்டீல் கிட்டாருக்கு இந்தக் கணக்கு. நைலானுக்கு இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர்வரை கூடுதல் இருக்கலாம்.

தீர்வு எளிது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி உறைக்குள் போடுங்கள். ஈரத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்யும் இருவழிப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. ஈரத்தை உறிஞ்ச மட்டுமே செய்யும் சிலிக்கா ஜெல் மணிகளை அள்ளிக் கொட்டினால் மரம் அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு. இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் திறந்த சன்னல் என்ற ஏற்ற இறக்கம்தான் மரத்துக்கு ஆகக் கெடுதல். வீவக கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டுச் செல்வது அதைவிட மோசம். கோந்து இளகினால் பிரிட்ஜ் தானாகவே கிளம்பும்.

துடைப்பது, கழுவுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணி. பூச்சில்லாத ரோஸ்வுட் விரற்பலகைக்கு மட்டும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒரு துளி லெமன் ஆயில். அந்த ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, நம் ஊர் ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றால் இன்னும் சிலருக்குப் புரியும். அந்த மரவகை முழுவதும் 2017 சனவரியில் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, கிட்டாரோடு எல்லை தாண்டுவோர் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. சென்னைக்குக் கிட்டாரோடு போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் இன்னும் கடும் தடையில் இருக்கிறது. பழைய, விலை உயர்ந்த கிட்டார் வாங்குவோர் மரத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பி மாற்றும்போது ஒரு வார்த்தை: முறுக்கைத் தளர்த்தாமல் வெட்டாதீர்கள். இறுகிய கம்பி அறுந்தால் சாட்டைபோலச் சுழன்று முகத்துக்கு வரும். மூக்குக்கண்ணாடி போடாதவரும் அந்தப் பத்து நிமிடத்துக்கு எதையாவது போட்டுக்கொள்ளலாம்.

இப்போது எலுமிச்சைக்கு வருகிறேன். நமக்கு எலுமிச்சை புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மங்கலப் பொருள். ஆங்கிலத்தில் அது தேறாத சரக்குக்குப் பெயர். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' அந்த இரண்டாவது அர்த்தத்தில் வந்தது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின் பகுதி அது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரச் சொல்லலாம் அல்லது மாற்றித் தரச் சொல்லலாம். அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பொருளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறவோ கேட்கலாம். "தயாரித்த நிறுவனத்திடம் போய்க் கேளுங்கள்" என்று கடை கைகாட்ட முடியாது. விற்றவர்தான் பொறுப்பு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டை சுவரில் தொங்கினாலும் இந்த உரிமை போய்விடாது.

நான் வாங்கிய ஒரு புதுக் கிட்டாரில் நான்காம் மாதம், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. ஒரு வாரத்தில் அது இடைவெளி ஆனது. எம்ஆர்டியில் கிட்டாரைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹ்யூமிடிட்டி சார். நீங்க சரியா வெச்சுக்கல" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில்தான் பலரும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காரணம், அது சில சமயம் உண்மை. வாங்கியவர் முறைகேடாகப் பயன்படுத்தியதால் வந்த சேதத்துக்கும், வழக்கமான தேய்மானத்துக்கும், மனம் மாறியதற்கும் சட்டம் துணை வராது. அக்கா மகன் அந்த நைலான் கிட்டாரைக் கடையிலேயே வாங்கியிருந்தாலும் அவனுக்கு ஒரு காசு கிடைத்திருக்காது.

என் விஷயத்தில் கைபேசியில் சில படங்கள் இருந்தன. வாங்கிய அன்று எடுத்தது, உறைக்குள் ஈரப்பதமானி 50, 52 என்று காட்டுவது, கம்பி மாற்றிய நாளில் பாக்கெட்டோடு எடுத்தது, கோடு தெரிந்த அன்று எடுத்தது. ரசீதையும் படம் பிடித்திருந்தேன். அச்சுக் காகிதம் நம் வெக்கையில் ஓராண்டில் வெள்ளைத் தாளாகிவிடும். அவற்றை இணைத்து, வாங்கிய தேதி, குறை தெரிந்த தேதி, எனக்கு வேண்டியது என்ன என்பதை நான்கு வரியில் மின்னஞ்சலாக எழுதினேன். வாய்ச்சண்டையில் கிடைக்காதது அந்த நான்கு வரியில் கிடைத்தது. மூன்று வாரத்தில், செலவில்லாமல், கழுத்தைச் சரிசெய்து கொடுத்தார்கள்.

மசியாத கடையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். அவர்கள் கடையோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரை, இருதரப்பும் ஒப்பினால் 30,000 வரை. சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் இணையத்திலேயே மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க இடமில்லை, கடைக்காரரும் வழக்கறிஞர் இல்லாமல்தான் வர வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் பத்து வெள்ளி. பூச்சில்லாத கம்பி ஒரு செட்டின் விலையை ஒட்டித்தான் அது வரும்.

பழைய பொருளுக்கும் லெமன் சட்டம் உண்டு, கடையில் வாங்கியிருந்தால். பழசுக்கேற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்க முடியும், அவ்வளவே. கேரசல் இணையச் சந்தையில் இன்னொரு வீட்டுக்காரரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று அவசரமாகக் காசு கொடுக்காமல், கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். பிரிட்ஜுக்கு அடியில் காகிதத்தை நீட்டுங்கள். "விரிசல் எதுவும் இல்லை" என்று அவர் அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். பொய் சொல்லி விற்றார் என்றால் அந்தச் செய்திதான் நடுவர் மன்றத்தில் பேசும். ஜோகூரிலோ சென்னையிலோ மலிவாக வாங்கினால், தகராறையும் அந்த ஊரிலேயே தீர்க்க வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்தது பயணச்செலவுக்குக் காணாது.

கிட்டார் பாடத்துக்கும் இதே எச்சரிக்கை. ஐம்பது வகுப்புக்கு ஒரே தடவையில் கட்டினால் பெரிய தள்ளுபடி என்பார்கள். பள்ளி மூடிவிட்டால், கட்டிய பணத்துக்கு வரிசையில் நிற்கும் கடன்காரர்களில் நீங்களும் ஒருவர். சமூக மன்ற வகுப்பில் ஒரு பருவம் கற்றுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அக்கா மகனின் கிட்டார் இப்போது சிட்டி ஹால் பக்கம் ஒரு பழுதுபார்ப்பவரிடம் இருக்கிறது. பிரிட்ஜை முழுதாகக் கழற்றி, பழைய கோந்தைச் சுரண்டி, மறுபடி ஒட்டி, ஒருநாள் முழுக்க இறுக்கி வைக்க வேண்டுமாம். கூலியைக் கேட்டவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிட்டாரை வாங்கிய விலையைவிட அது கூடுதல். "பரவால்ல மாமா, நைலானே போட்டுக்கிறேன்" என்றான். பிறகு, "அந்த ஸ்டீல் செட்ட என்ன பண்றது?" என்று கேட்டான்.