பெரியம்மாவின் சில்க் காட்டன் சேலையும் லேவியராகமமும்

நெய்யூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியம்மா என்னை நிறுத்தினார். ஜனவரியில் ஆதியாகமத்தைத் தொடங்கி வேதத்தை முழுக்க வாசித்துவருகிறவர். இப்போது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்துக்கு வந்திருக்கிறார். முந்தானையை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "மக்களே, இது சில்க் காட்டன். ரெண்டு நூல் கலந்தத உடுக்கக் கூடாதுண்ணு போட்டிருக்கே, இது பாவமா?"

பாவமே இல்லை. அந்தக் கட்டளை எல்லாக் கலப்பையும் தடுக்கவில்லை. உபாகமம் 22:11 இரண்டே நூல்களைச் சொல்கிறது: ஆட்டுக் கம்பளியும் லினனும். யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவும் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. லினன் என்பது ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார்; மருந்துக்கடையில் ஆளிவிதை வாங்குகிறோமே, அதே செடிதான். நம் தமிழ் வேதாகமம் பல இடங்களில் இதைப் பஞ்சுநூல் என்று சொல்வதால் நமக்குப் பருத்தி ஞாபகம் வந்துவிடுகிறது. பட்டும் பருத்தியும், பருத்தியும் பாலியஸ்டரும் இந்தச் சட்டத்துக்குள் வரவே வராது. இன்றைக்கும் இதைக் கைக்கொள்ளும் யூதர்கள் உண்டு. கம்பளிக் கோட்டு வாங்கினால், காலர் விறைப்பாக நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைத்த துணி லினனா என்று ஆள் வைத்துப் பார்த்த பிறகே போடுவார்கள்.

சரி, ஏன் தடுத்தார்கள்? வசனம் காரணம் சொல்லவில்லை. 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ், புறஜாதிப் பூசாரிகள் அப்படி உடுத்தினார்கள், அதனால் தடை என்றார். படைப்பில் வகை வகையாகப் பிரித்து வைத்ததைக் கலக்கக் கூடாது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு நியாயமாகப் படுவது வேறொன்று, அதற்கு வேதத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிரதான ஆசாரியனின் ஏபோத்து என்ற மேலுடைக்கு இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களோடு லினன் நூலும் சேர்கிறது. லினனில் சாயம் எளிதில் பிடிக்காது. ஆகவே அந்தக் காலத்தில் இப்படிச் சாயம் ஏற்றிய நூல் என்றால் கம்பளிதான். அதாவது, சாதாரண ஜனத்துக்குத் தடுத்த அதே கலப்பைத்தான் ஆசாரியன் தேவசந்நிதியில் உடுத்தினான். அது ஆசாரியர்களுக்கே உரியது, அதனால்தான் மற்றவர்களுக்குத் தடை என்று முதலாம் நூற்றாண்டிலேயே யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்தார். பரிசுத்த தூபவர்க்கத்தையும் அதே சேர்மானத்தில் வீட்டுக்காகச் செய்யக் கூடாது என்று யாத்திராகமம் 30 சொல்கிறது. அந்தத் தூபம் அசுத்தமா? இல்லை. அது ஆலயத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. துணியும் அப்படித்தான்.

இதைவிட என்னைத் தொட்டது எண்ணாகமம் 15. இஸ்ரவேலர் ஒவ்வொருவரும் தங்கள் வஸ்திரத்து ஓரத்தில் தொங்கல் வைத்து அதில் இளநீல நாடா கட்ட வேண்டும் என்று அங்கே கட்டளை. வஸ்திரம் லினன் என்றால், அந்த நீலக் கம்பளி நூல் சேர்ந்ததும் தடுக்கப்பட்ட கலப்பு வந்துவிடுகிறது. யூத ரபிமார் அந்த ஒரு இடத்தில் அதை அனுமதித்தார்கள். ஜேக்கப் மில்க்ரோம் என்ற அமெரிக்க யூத அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டு விளக்கினார்: ஆசாரியனின் உடையிலிருந்து ஒரு நூல், ஆடு மேய்க்கிறவனின் துணி ஓரத்துக்கும் வந்துவிட்டது.

உடுப்பில் மேல் கீழ் பார்ப்பது என்னவென்று நம்மூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஷனரி சார்லஸ் மீட் 1828-இல் நெய்யூருக்குக் குடிவந்தபோது தோள்சீலைக் கலகம் எரிந்துகொண்டிருந்தது. நாடார் பெண்கள் மார்பையும் தோளையும் மூடும் தோள்சீலை போடக் கூடாது என்று 1829 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது. கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் என்ற சட்டை மட்டும் அனுமதி. 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பு எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் போடலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வரியை அப்போதும் விடவில்லை. அங்கே ஆசாரியனின் நூலில் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்தார்கள். இங்கே ஒரு முழத் துணிக்காக நம் பாட்டிமார் சந்தையில் அடிபட்டார்கள், போட்டிருந்த துணி கிழிபட்டது.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பெரியம்மா கேட்ட அதே லேவியராகமம் 19:19-ஐ எடுத்து, "கலக்கக் கூடாதுண்ணு வேதமே சொல்லுது" என்று சாதிக்கு முட்டுக்கொடுப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். நெஞ்சு கொதிக்கிறது. அது நூலைப் பற்றிய சட்டம், மனுஷரைப் பற்றியதல்ல. அந்தச் சட்டமும் புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகள்மேல் சுமத்தப்படவில்லை. அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடிய சபை எழுதி அனுப்பிய சில காரியங்களில் துணி கிடையாது.

பெரியம்மா, அடுத்த ஞாயிறும் அந்தச் சேலையையே உடுத்திட்டு வாங்க. சாதிக்காக யாராவது 19-ஆம் வசனத்தைக் காட்டினால், அதற்கு நேர் மேலே இருக்கும் 18-ஆம் வசனத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்க. பிறனை உன்னைப்போல் நேசி என்ற கட்டளை அங்கேதான் இருக்கிறது.