காரை இறக்கினால் எங்கே இடிக்கிறது?

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்துக்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு குலுக்கல் என்று வைத்தால் போக வர இருபது குலுக்கல். வாய்க்கால்களின் மேல் உள்ள சிறுபாலங்களும், ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளும் இந்தக் கணக்கில் வரவில்லை. இந்தச் சாலையில் தினமும் ஓடும் காருக்கு லோயரிங் ஸ்பிரிங் போட்டு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் சந்தைக் குறைத்து அழகு பார்க்க நினைக்கும் இளைஞர்கள் டெல்டாவிலும் இருக்கிறார்கள். அழகு அவரவர் விருப்பம். சவாரி சுகம் கெடாமல் அதைச் செய்ய முடியுமா என்பது இயற்பியல் கேள்வி. அதற்கான விடையின் ஒரு பாதி ஸ்பிரிங்கில் இருக்கிறது, மறு பாதி காவிரி கொண்டுவந்து போட்ட மண்ணில் இருக்கிறது.

மண்ணிலிருந்தே தொடங்கலாம். ஆற்றுப் பாலத்தின் தூண்கள் ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்பவை. அவை எளிதில் இறங்குவதில்லை. பாலத்துக்கு ஏறும் சாலையோ கொட்டிய மண்மேட்டின் மேல் கிடக்கிறது. அந்த மேட்டுக்குக் கீழே டெல்டாவின் களிமண். ஈரக் களிமண்ணின் மேல் பாரம் ஏறினால் அது உடனே அமுங்கிவிடாது. துகள்களுக்கு இடையே உள்ள தண்ணீர் கசிந்து வெளியேற வெளியேறத்தான் மண் தாழும். களிமண்ணின் துளைகள் மிகச் சிறியவை என்பதால் அந்தக் கசிவு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். இதை முதன்முதலில் கணக்காக எழுதிக் காட்டியவர் கார்ல் டெர்சாகி. அவருடைய மண் இயக்கவியல் நூல் 1925இல் வெளிவந்தது. ஆக, பாலம் நின்ற இடத்தில் நிற்கிறது, சாலை மெல்ல இறங்குகிறது, நடுவே ஒரு படி உண்டாகிறது. போதாக்குறைக்கு இந்த மண் தண்ணீர் வந்தால் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். தார் போட்டு மேடு பள்ளத்தைச் சரிசெய்த பிறகும் சில பருவங்களில் படி மறுபடி தலைகாட்டுவதற்குக் காரணம் எல்லா இடத்திலும் ஒப்பந்ததாரர் அல்ல. (சில இடங்களில் அவரும்தான்.)

அந்தப் படியில் கார் ஏறும்போது சக்கரம் சட்டென்று மேலே போகிறது. சக்கரம் மேலே போவதற்கு இடம் இருந்தால் வண்டியின் உடல் அதிகம் அசையாது. இடம் தீர்ந்துவிட்டால் சக்கரம் வண்டியையும் சேர்த்துத் தூக்கும். சஸ்பென்ஷன் என்ற ஏற்பாடு முழுவதும் இந்த இடத்தை எப்படிச் செலவு செய்வது என்பதைப் பற்றியதுதான்.

ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் காரை அமுக்கிவிட்டால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். சாதாரணக் குடும்பக் கார்களுக்கு அந்த வேகம் வினாடிக்கு 1 முதல் 1.5 முறை வரை. இந்த எண் தற்செயலாக வந்ததல்ல. வினாடிக்கு அரை முறைக்கும் குறைவாக ஆடினால் வயிற்றைப் புரட்டும். கப்பல் பயணிகளுக்குக் குமட்டுவது அதனால்தான். வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மேல் கீழ் அதிர்வில் நம் வயிறும் முதுகெலும்பும் சேர்ந்து அதிரும். உட்கார்ந்திருப்பவரை அதிகம் வருத்தும் அலைவரிசை அது. நடக்கும்போது நம் தலை மேலும் கீழும் போவது ஏறத்தாழ வினாடிக்கு 1 முதல் 2 முறை. அதற்கு உடம்பு பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறது. மிராசுதார்கள் போய்வந்த வில்வண்டியின் பட்டை ஸ்பிரிங்கும் இதே வேலையைத்தான் செய்தது. அதில் ஷாக் அப்சார்பர் கிடையாது. பட்டையோடு பட்டை உரசும் உராய்வே ஆட்டத்தை அடக்கியது.

இப்போது லோயரிங் ஸ்பிரிங்குக்கு வருவோம். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கைவிட அது உயரம் குறைந்தது, கடினம் கூடியது. நல்ல தயாரிப்புகளில் கடினம் இருபது, முப்பது சதவீதம் கூடியிருக்கும். இதற்குக் கம்பியை எவ்வளவு தடிமனாக்க வேண்டும் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சுருள் ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பியை 12.7 ஆக்கினால், கண்ணுக்கே தெரியாத அந்த 0.7 மில்லிமீட்டரால், கடினம் 25 சதவீதம் ஏறிவிடும்.

25 சதவீதம் என்றதும் சவாரியும் அந்த அளவுக்குக் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆட்டத்தின் வேகம் கடினத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். வினாடிக்கு 1.3 முறை ஆடிய கார் இனி ஏறத்தாழ 1.45 முறை ஆடும். அது இன்னும் நம் உடம்பு பழகிய எல்லைக்குள்தான் இருக்கிறது. நேரான நல்ல சாலையில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. அப்படியானால் ‘ஸ்பிரிங் மாத்தின பிறகு வண்டி கட்டை மாதிரி ஆயிடுச்சு’ என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் உணர்வது ஸ்பிரிங்கை அல்ல. ஸ்பிரிங்கின் வழி தீர்ந்த இடத்தில் காத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை உணர்கிறார்கள்.

கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரம் ரப்பரில் முட்டும் முன் 80 மில்லிமீட்டர் மேலே போக முடியும், ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ பாரம் வேண்டும் என்று வைப்போம். ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போகிறீர்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டிகள், திரும்பும்போது ஒரு அரிசிச் சிப்பம். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 125 கிலோ கூடுகிறது. ஸ்பிரிங் 62 மில்லிமீட்டர் அமுங்கும். மிச்சம் 18. பாலத்து முனையில் லேசாக இடிக்கலாம், சமாளித்துவிடலாம்.

அதே காரை 30 மில்லிமீட்டர் இறக்கி, ஸ்பிரிங்கை 25 சதவீதம் கடினமாக்கிப் பாருங்கள். காலியாக நிற்கும்போதே மிச்சம் 50தான். மில்லிமீட்டருக்கு இப்போது 2.5 கிலோ, அதே 125 கிலோ ஏறினால் 50 மில்லிமீட்டர் அமுங்கும். 50இல் 50 போனால் பூஜ்யம். கார் இன்னும் தெருவைவிட்டுக் கிளம்பவில்லை, அதற்குள் ரப்பரின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதன்பின் வரும் ஒவ்வொரு படியும் நேராக முதுகுக்குத்தான் போகும். ஒருவர் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சூப்பரா இருக்கு’ என்று சொல்வதும், ஞாயிற்றுக்கிழமை குடும்பமே திட்டுவதும் ஒரே காரைப் பற்றிய இரண்டு உண்மையான சாட்சியங்கள்.

வேகத்தடை விஷயத்தில் எண்கள் வேறு கதை சொல்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி 25 கிலோமீட்டர் வேகத்துக்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் நீளமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. மாருதி சுஸுகி ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2,450 மில்லிமீட்டர். அந்த வளைவின் உச்சி காரின் நடுவயிற்றுக்கு நேராக வரும்போது நான்கு சக்கரங்களும் வளைவின் மேலேயே இருக்கும். உச்சி அவற்றைவிட 44 மில்லிமீட்டர்தான் உயரம். 30 மில்லிமீட்டர் இறக்கிய கார்கூட தாராளமாகத் தாண்டிவிடும். ஆனால் ஊர்க்காரர்கள் ஒரு விபத்துக்குப் பிறகு ஆத்திரத்தில் போட்ட தடையை நினைத்துப் பாருங்கள்: ஒரு மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் உயரம். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறுவதற்கு முன் முழு 150 மில்லிமீட்டரும் வயிற்றுக்குக் கீழே நிற்கும். கம்பெனி உயரத்தில் 13 மில்லிமீட்டர் மிச்சம். இறக்கிய காரில் 17 மில்லிமீட்டர் பற்றாக்குறை. அதுவும் காலி வண்டிக்கு.

முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் நடுவே உள்ள பேச்சுவார்த்தையைப் பலர் கவனிப்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் ஒரு படியைத் தாண்டியபின் ஏறத்தாழ ஏழில் ஒரு வினாடி கழித்துத்தான் பின்சக்கரம் அதைத் தொடும். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் அந்தத் தாமதம் தீரவே தீராது. மூக்கு ஏறும்போது வால் இறங்கும், தலை முன்னும் பின்னும் ஆடும். ரோல்ஸ்-ராய்ஸில் இருந்துவிட்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன பொறியாளர் மாரிஸ் ஆலி, 1930களின் தொடக்கத்தில் எடைக்கட்டிகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரில் மனிதர்களை உட்கார வைத்து இதை ஆராய்ந்தார். முன்பக்கத்தை மென்மையாகவும் பின்பக்கத்தைச் சற்று வேகமாக ஆடும்படியும் அமைத்தால், பின்னால் கிளம்பிய ஆட்டம் ஓரிரு ஆட்டங்களுக்குள் முன்னதை எட்டிப்பிடித்துவிடும், கார் சமமாக எழுந்து சமமாக இறங்கும் என்பது அவர் கண்டது. அதனால்தான் முன்னால் மட்டும் இரண்டு ஸ்பிரிங் வாங்கி மாட்டுவதும், முன்னுக்கு ஒரு தயாரிப்பு பின்னுக்கு ஒரு தயாரிப்பு என்று சேர்ப்பதும் கூடாது. அந்த மாடலுக்கென்றே செய்த நான்கு ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக வர வேண்டும்.

காரை இறக்கினால் தலையாட்டி பொம்மை மாதிரி கவிழாமல் நிற்கும் என்று ஒரு வாதம் உண்டு. தஞ்சாவூரில் அதை மறுத்தாக வேண்டும். பொம்மை எழுந்து நிற்பது அடிப்பாகம் கனமாக இருப்பதால் மட்டும் அல்ல. அடி உருண்டையாக இருந்து, எடையின் மையம் அந்த உருண்டையின் மையத்துக்கும் கீழே இருப்பதால். கார் நான்கு சக்கரத்தின் மேல் நிற்பது, உருள்வதில்லை. அதன் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். 30 மில்லிமீட்டர் இறக்கினால் வளைவில் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் ஐந்தாறு சதவீதம்தான் குறையும். இன்னொரு வேடிக்கை: நம் ஊர்ச் சிறிய கார்களின் முன்பக்கத்தில் உள்ள மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே உள்ள நெம்புகோல் நீள்கிறது. ஸ்பிரிங் கடினம் கூடவில்லை என்றால், இறக்கிய கார் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஸ்பிரிங்கைக் கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி உட்கார வைப்பதும், ஒரு சுற்றை வெட்டி எடுப்பதும் மலிவான வழிகள். இரண்டும் வேண்டாம். சூடாக்கினால் எஃகுக்குப் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங் கிண்ணத்தில் சரியாக உட்காராது. பாலத்தைத் தாண்டும் வேகத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது இடம் பெயரவும் கூடும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. ஸ்பிரிங் உயரம் பதிவுச் சான்றில் இல்லையே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் கொடுக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளாமல், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் இதில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஆசை விடவில்லை என்றால், டெல்டா சாலைக்கு என் தீர்ப்பு இது: 20 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். முதலில் மென்மையாகவும் அமுங்க அமுங்கக் கடினமாகவும் ஆகும் புரோகிரசிவ் வகையைக் கேளுங்கள். ஸ்பிரிங் கால் பங்கு கடினமானால் ஷாக் அப்சார்பர் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாக அடக்க வேண்டும். புதிதாக இருந்தால் கம்பெனி ஷாக் அதைத் தாங்கும், பழசாகி எண்ணெய் கசிந்தால் தாங்காது. பெரிய அலாய் வீலும் மெல்லிய டயரும் இதோடு சேர்த்துப் போடாதீர்கள்; டயரின் பக்கச்சுவர்தான் படியின் கூர்மையை முதலில் வாங்கிக்கொள்வது. வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பத்து ரூபாய் செலவில் ஒரு சோதனை இருக்கிறது. பின் ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டில், தூசி உறையைத் தூக்கிவிட்டு, ஒரு கேபிள் டையை இறுக்கி ஷாக்கின் உடலோடு ஒட்டி வையுங்கள். குடும்பத்தோடு, சாமானோடு, வழக்கமான சாலையில் ஒரு வாரம் ஓட்டுங்கள். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அதுவரை டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். டைக்கும் ரப்பருக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். நீங்கள் இறக்க நினைக்கும் அளவைவிட அது குறைவாக இருந்தால் அந்த ஸ்பிரிங்கை வாங்க வேண்டாம்.