ஜப்பானின் இளம் நடெஷிகோக்கள்



ஆண்டுதோறும் நம் பள்ளியிலிருந்து ஒரு வகுப்பு விடைபெற்றுச் செல்கிறது. அடுத்த வகுப்பு அந்த இருக்கைகளில் வந்து அமர்கிறது. முகங்கள் மாறினாலும் பள்ளியின் பெயர் மாறுவதில்லை. சென்றவர்கள் தேடித் தந்த நற்பெயரைக் காப்பதும் வளர்ப்பதும் வந்தவர்களின் கடமையாகி விடுகிறது. விளையாட்டு உலகிலும் இத்தகைய அணிகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் ஜப்பான் நாட்டின் 20 வயதிற்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணி. உலக அரங்கில் அவ்வணி பெற்ற வெற்றி தோல்விகளை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பின்னணியும்

நடெஷிகோ என்பது இளஞ்சிவப்பு நிறங்கொண்ட ஒரு சிறு மலரின் பெயர். பண்பும் உறுதியும் வாய்ந்த பெண்ணை அம்மலரின் பெயரால் அழைப்பது ஜப்பானியர் வழக்கம். 2004ஆம் ஆண்டு அந்நாட்டின் மூத்த பெண்கள் அணிக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. அதன் வழியில் 20 வயதிற்குட்பட்டோர் அணியை 'இளம் நடெஷிகோ' என்று அழைக்கிறார்கள்.

ஜப்பானில் பெண்கள் கால்பந்து ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. 1981ஆம் ஆண்டில்தான் ஹாங்காங்கில் நடைபெற்ற ஆசியப் போட்டிக்கு முதன்முதலாகப் பெண்கள் தேசிய அணி ஒன்று அனுப்பப்பட்டது. 1989இல் பெண்களுக்கான லீக் ஆட்டங்கள் தொடங்கின. சிறுமியர் ஆடிப் பழகுவதற்கு ஓர் இடமும், ஆடிப் பார்க்க ஒரு போட்டியும் அதன் பின்னரே மெல்ல மெல்லப் பெருகின.

போட்டியின் அமைப்பு

இளம் பெண்களுக்கான உலகப் போட்டியை உலகக் கால்பந்துக் கழகம் 2002இல் கனடா நாட்டில் தொடங்கியது. முதல் இரண்டு போட்டிகளில் வயது வரம்பு 19. 2006 முதல் அது 20 ஆயிற்று. 2024 வரை இப்போட்டி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை என்ற கணக்கில் நடந்து வந்தது. முதலில் 12 நாடுகள் ஆடின. பின்னர் 16 ஆகி, 2024இல் 24 ஆயின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுப் போட்டியில் ஆட வேண்டுமானால் 1998 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்போ பிறந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு பெண்ணுக்கு இப்போட்டியில் ஆட ஒரு சில முறைதான் வாய்ப்புக் கிட்டும். மூத்தோர் அணியில் ஒரு வீராங்கனை பத்தாண்டுகள் கூட நிலைத்திருக்கலாம். இளையோர் அணியிலோ பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

மேலும், உலகப் போட்டிக்குச் செல்லும் வாயில் ஆசியப் போட்டியே. வட கொரியா, தென் கொரியா, சீனா போன்ற வலிமை மிக்க அணிகளை எதிர்த்து அங்கு முன்னணி இடத்தைப் பிடித்தால்தான் உலகக் கோப்பைக்கு அனுமதி. அந்த வாயிலிலேயே நின்றுவிட்ட ஆண்டுகளும் ஜப்பானுக்கு உண்டு.

ஏற்றமும் இறக்கமும்

2002இல் இந்தியாவில் நடைபெற்ற முதலாவது ஆசியப் போட்டியில் ஜப்பான் வாகை சூடியது. அதே ஆண்டு கனடாவில் கால் இறுதி வரை சென்று பிரேசிலிடம் தோற்றது. தொடக்கம் நன்றாகவே அமைந்தது. ஆனால் 2004, 2006 ஆகிய இரு உலகப் போட்டிகளுக்கும் ஜப்பான் தகுதி பெறவில்லை. 2008இல் சிலி நாட்டில் மீண்டும் கால் இறுதியை எட்டி, வட கொரியாவிடம் தோற்றது. 2010இல் ஜெர்மனியில் முதற்சுற்றோடு வெளியேறியது.

அடுத்த ஆண்டு 2011. மார்ச் மாதத்தில் ஜப்பானை மாபெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்தும் சேர்ந்துகொண்டது. அப்பகுதியில் இளம் ஆண்களுக்கும் பெண்களுக்குமாக ஜப்பான் கால்பந்துச் சங்கம் 2006 முதல் நடத்தி வந்த பயிற்சிப் பள்ளி தன் இடத்தை விட்டு ஷிசுவோகா பகுதிக்குப் பெயர வேண்டியதாயிற்று. பந்து உருண்ட மைதானங்கள் விபத்துப் பணியாளரின் பாசறையாயின. இத்துன்பம் நிகழ்ந்த நான்கே மாதங்களில் ஜப்பானின் மூத்த பெண்கள் அணி அமெரிக்காவை வென்று உலகக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டு வந்தது. அதைத் தொலைக்காட்சியில் கண்ட சிறுமியர் எத்தனையோ பேர்!

2012இல் இளையோர் உலகப் போட்டி ஜப்பானிலேயே நடைபெற்றது. சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் யோக்கோ தனாக்கா என்னும் வீராங்கனை இரண்டு ஃப்ரீ கிக்குகளைக் கோலாக்கினார். ஒன்று வலக்காலால், மற்றொன்று இடக்காலால்! ஒரு காலையே நம்பி ஆடும் நமக்கு இது வியப்பாக இருக்கிறது அல்லவா? அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற ஜப்பான், பின்னர் நைஜீரியாவை வென்று மூன்றாம் இடம் பெற்றது.

இனி ஏறுமுகந்தான் என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 2014ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஜப்பான் தகுதியே பெறவில்லை. சொந்த மண்ணில் மூன்றாம் இடம் பெற்ற நாடு அடுத்த போட்டியில் ஆடவே இல்லை!

வெறும் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு வெற்றிடமாகத் தோன்றும். ஆயினும் அதே 2014இல் கோஸ்டா ரிக்காவில் நடந்த 17 வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஜப்பானியச் சிறுமியர் வென்றார்கள். ஆறு ஆட்டங்களிலும் வெற்றி. அடித்த கோல்கள் 23, வாங்கியது ஒன்றே ஒன்று. சிறந்த வீராங்கனைக்குரிய தங்கப் பந்து ஹினா சுகிதாவுக்குக் கிடைத்தது. அவர்களைப் பயிற்றுவித்தவர் அசாகோ தாக்காகுரா என்னும் பெண்மணி. தாமும் ஒரு காலத்தில் தேசிய அணியில் ஆடியவர் அவர். மேல் வகுப்பு தவறிய ஆண்டில் கீழ் வகுப்பு முதன்மை பெற்றது எனலாம்.

அச்சிறுமியரில் சிலர் 2016இல் பாப்புவா நியூ கினியில் 20 வயதிற்குட்பட்டோர் அணியில் களமிறங்கினார்கள். தாக்காகுராவே உடன் சென்றார். அரையிறுதியில் பிரான்சிடம் தோற்றாலும், அமெரிக்காவை 1-0 என வென்று மூன்றாம் இடம் பெற்றார்கள். அதே ஆண்டு ஜோர்டானில் 17 வயதிற்குட்பட்டோர் இறுதியாட்டம். கோலின்றி முடிந்த அந்த ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் வட கொரியா வென்றது. அங்கு தங்கப் பந்து பெற்றும் கோப்பையைக் கைநழுவ விட்டவர் ஃபூக்கா நகானோ. இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018: வாகை சூடிய ஆண்டு

2018 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் போட்டி தொடங்கியது. பயிற்சியாளர் ஃபுதோஷி இகேதா. அணித்தலைவி மொயேகா மினாமி. முதல் ஆட்டத்தில் அமெரிக்காவை 1-0 என வென்ற ஜப்பான், இரண்டாம் ஆட்டத்தில் ஸ்பெயினிடம் 0-1 எனத் தோற்றது. மூன்றாவதில் பராகுவேயை 6-0 என வீழ்த்தி அடுத்த சுற்றுக்குச் சென்றது. கால் இறுதியில் ஜெர்மனியை 3-1, அரையிறுதியில் இங்கிலாந்தை 2-0 என வென்றது.

ஆகஸ்ட் 24ஆம் நாள், வான் என்னும் ஊரில் இறுதியாட்டம். எதிரே நின்றது யார் தெரியுமா? முன்பு தங்களைத் தோற்கடித்த அதே ஸ்பெயின்தான். தொடக்கத்தில் ஸ்பெயினின் கை ஓங்கியிருந்தது. முற்பாதியில் ஹினாத்தா மியாசாவா தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. பிற்பாதியில் சாவோரி தாக்கராதா இரண்டாவது கோலை அடித்தார். மூன்றாவது கோலை அடித்தவர் ஃபூக்கா நகானோ! ஈராண்டுகளுக்கு முன் ஜோர்டானில் வெறுங்கையோடு திரும்பிய அதே பெண். ஸ்பெயின் ஒரு கோல் திருப்பி அடித்தும் 3-1 என ஜப்பான் வென்றது. நேர்மையான ஆட்டத்துக்கான விருதும் அவ்வணிக்கே கிடைத்தது.

இவ்வெற்றியால், மூத்தோர், 20 வயதிற்குட்பட்டோர், 17 வயதிற்குட்பட்டோர் ஆகிய மூன்று பெண்கள் உலகக் கோப்பைகளையும் வென்ற முதல் நாடு என்ற பெருமை ஜப்பானைச் சேர்ந்தது. அந்த அணியில் ஃபுகுஷிமா மண்ணைச் சேர்ந்த ஜுன் எண்டோவும் ஒருத்தி. பேரிடர் நேர்ந்தபோது அவளுக்கு வயது 10. இடம் பெயர்ந்த அதே பயிற்சிப் பள்ளியில் பயின்றுதான் அவள் உலகக் கோப்பையைத் தொட்டாள்.

ஆடாமலே போனவர்கள்

2019இல் ஆசியக் கோப்பையை வென்ற அடுத்த அணி, 2020 உலகப் போட்டிக்கு ஆயத்தமாக இருந்தது. கொரோனா பெருந்தொற்றால் போட்டி தள்ளி வைக்கப்பட்டு, இறுதியில் அறவே கைவிடப்பட்டது. உழைத்துப் படித்த வகுப்புக்குத் தேர்வே நடக்காமற் போனது போல! அவர்களில் பலருக்கு மறுமுறை வரும்போது வயது கடந்துவிட்டது. வெற்றிப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை; ஆயினும் அவர்களின் உழைப்பை வீண் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

2022இல் கோஸ்டா ரிக்காவில் ஜப்பான் மீண்டும் இறுதிக்கு வந்தது. இம்முறை ஸ்பெயின் 3-1 என வென்று தன் முதற் கோப்பையைப் பெற்றது. நான்காண்டுகளுக்கு முந்தைய அதே கோல் கணக்கு, ஆனால் மறுபுறமாக! தங்கப் பந்து மட்டும் ஜப்பானின் மைக்கா ஹமானோவுக்குக் கிடைத்தது. 2024இல் கொலம்பியாவில் கால் இறுதியில் ஸ்பெயினை வென்ற ஜப்பான், இறுதியில் வட கொரியாவிடம் 0-1 எனத் தோற்றது. வட கொரியாவுக்கு அது மூன்றாவது கோப்பை.

கணக்கும் கருத்தும்

2002 முதல் 2024 வரை நடைபெற்ற உலகப் போட்டிகள் 11. அவற்றுள் ஜப்பான் ஆடியவை 8. முதலிடம் ஒரு முறை, இரண்டாம் இடம் இரு முறை, மூன்றாம் இடம் இரு முறை, கால் இறுதித் தோல்வி இரு முறை, முதற்சுற்றுத் தோல்வி ஒரு முறை. ஆசியக் கோப்பையை 2019 வரை ஆறு முறை வென்றிருக்கிறது.

கோப்பை ஒன்றுதானே என்று சிலர் கேட்கலாம். ஆனால் இளையோர் அணியின் வெற்றியைக் கோப்பையால் மட்டும் அளக்க இயலாது. அங்கு வளர்ந்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2018 இறுதியில் முதல் கோலை அடித்த மியாசாவா, 2023ஆம் ஆண்டு மூத்த பெண்கள் உலகக் கோப்பையில் ஐந்து கோல்கள் அடித்து, அப்போட்டியிலேயே மிக அதிகக் கோல்கள் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார்.

தோழியரே! ஓர் அணி தோற்கும்போது அதைக் கலைத்துவிடுவது எளிது. பெண்களின் அணியாயின் இன்னும் எளிது, கேட்பாரும் குறைவு. ஜப்பான் அவ்வாறு செய்யவில்லை. தகுதி பெறாத ஆண்டுகளிலும் கீழ் வகுப்புச் சிறுமியருக்குப் பந்தும் மைதானமும் பயிற்சியாளரும் கிடைத்து வந்தார்கள். 2014இல் வாயிலிலேயே நின்ற அணி 2018இல் கோப்பையை ஏந்தியதன் இரகசியம் அதுவே.

பெற்றோர்களே, மாலையில் மைதானத்திலிருந்து புழுதியோடு வீடு திரும்பும் மகளிடம், "இன்று ஜெயித்தாயா?" என்று மட்டும் கேளாதீர்கள். "நாளையும் ஆடப் போகிறாயா?" என்று கேளுங்கள். அக்கேள்வியில்தான் ஓர் அணி பிறக்கிறது.