படத்தின் மூலையில் ஒரு பெயர்

கோவில்பட்டிப் பக்கம் பழைய வீடுகளின் பூஜை அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட லட்சுமி படத்தை இன்றும் பார்க்கலாம். காலண்டரிலிருந்து கத்தரித்து எடுத்தது. தாமரையையும் யானைகளையும் பார்த்துவிட்டுக் கீழ் மூலைக்கு வாருங்கள். பல படங்களில் சி. கொண்டையராஜுவின் கையெழுத்து இருக்கும். சிலவற்றில் அதன் பக்கத்திலேயே சீடரின் பெயரும் இருக்கும்.

கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி ஊர் ஊராகச் சுற்றியவர், 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவர் வரைந்த சாமிகளைச் சிவகாசி அச்சகங்கள் நாடெங்கும் கொண்டுபோயின. டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்கள் குருவின் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே கை பழகினார்கள். பார்த்து வரைவது அங்கே பாடம். உழைத்தவர் பெயரைப் படத்தில் எழுதுவது அங்கே முறை.

இன்று கணினியும் அப்படிப் பார்த்துத்தான் வரைகிறது. ஒரு படத்தின் மேல் புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத் தூவி, அதைப் படிப்படியாக நீக்கப் பழக்குகிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இப்படிப் பழகியபின், வெறும் புள்ளிக் குவியலிலிருந்தே அது புதுப் படம் எடுத்துவிடும். இப்படிப் பழக்குவதற்காக 2022-இல் வெளியான லையான்-5பி என்ற படத் தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படச் சுட்டிகள், தலைப்பு வரிகளோடு இருந்தன. வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தத் தலைப்பு வரியில்தான் சிக்கல். எந்தச் சொல்லுக்கு எந்த உருவம் என்பதைக் கணினி அதிலிருந்தே கற்கிறது. வரியில் ‘லட்சுமி’ என்று மட்டும் இருந்தால், அந்த வண்ணமும் முகச்சாயலும் லட்சுமி என்ற சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஓவியர் பெயர் உதிர்ந்துவிடும். கணினி வரைந்த படங்கள் சிலவற்றின் மூலையில் படிக்க முடியாத ஒரு கிறுக்கல் தெரியும். ஓவியங்களின் மூலையில் கையெழுத்து இருக்கும் என்பதை அது கற்றிருக்கிறது. அது ஒரு மனிதரின் பெயர் என்பதைக் கற்கவில்லை.

சட்டம் இந்தப் பெயரை மதிக்கிறது. இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியர் மறைந்து 60 ஆண்டு நீடிக்கும். கொண்டையராஜுவின் படங்களுக்கு அது 2036 முடியும்வரை. படத்தின் உரிமையை விற்றுவிட்டாலும் ‘வரைந்தவன் நான்’ என்று சொல்லும் உரிமை ஓவியரிடமே இருக்கும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு.

செயற்கை நுண்ணறிவை முறையாகவும் பயன்படுத்த முடியும். 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார். கேட்டு எடுப்பது, பெயரைச் சொல்வது, கூலியைக் கொடுப்பது: படைப்புத் துறையில் செயற்கை நுண்ணறிவுக்கான அறம் இந்த மூன்றில் அடங்கும்.

நம் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. ஆச்சி வீட்டுக் காலண்டர் படத்தைக் கைபேசியில் எடுத்து இணையத்தில் ஏற்றும்போது, யார் வரைந்தது, எந்த ஊர், எந்த அச்சகம் என்று ஒரு வரி எழுதுங்கள். மூலையில் இருக்கும் சீடர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். நாளை கணினி படிக்கப்போவது அந்த வரியைத்தான்.